வீட்டுக்குள் மிளகுக் கொடி: எந்தத் தண்டை வெட்டுகிறோம் என்பதில் தொடங்குகிறது

வீட்டுக்குள் மிளகுக் கொடி வைக்கப் போகிறேன் என்று சொன்னால் உடனே வரும் கேள்விகள் மண் கலவை, உரம், தண்ணீர் பற்றித்தான். அவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் தெரிய வேண்டியது, கையில் கிடைத்த துண்டு தாய்க்கொடியின் எந்தத் தண்டிலிருந்து வெட்டப்பட்டது என்பது. அதைக் கேட்காமல் வாங்கி நட்டவர்கள்தான் "கொடி பச்சைப்பசேலென்று இருக்கிறது, ஒரு மிளகுச் சரம்கூட வரவில்லை" என்று வருடக்கணக்கில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

மிளகுக் கொடியில் (தாவரவியலில் பைப்பர் நைக்ரம்) ஒரே செடியில் வெவ்வேறு குணமுள்ள தண்டுகள் உண்டு. நேராக மேலே போவது ஏறுகொடி. அதன் ஒவ்வொரு கணுவிலும் குட்டைக் குட்டையாகப் பற்றுவேர்கள் வரும். மரத்தையோ கம்பத்தையோ கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். செடியின் அடியிலிருந்து கிளம்பித் தரையோடு தரையாகப் போவது ஓடுகொடி. இதில் கணுவுக்குக் கணு இடைவெளி அதிகம். மண்ணைத் தொட்ட கணுவெல்லாம் வேர்விடும். மூன்றாவது, ஏறுகொடியின் இலைக் கக்கத்திலிருந்து பக்கவாட்டில் நீளும் பக்கக்கிளை. இதில் பற்றுவேர் கிடையாது. பூவும் காயும் வருவது இதில் மட்டும்தான்.

வெட்டி நட்ட பிறகும் துண்டு தன் பழைய குணத்தை விடுவதில்லை என்பதுதான் விஷயம். ஓடுகொடித் துண்டை நட்டால் அது முதலில் ஓடும். பிடிமானம் கிடைத்தால் ஏறும். ஏறி ஓரளவு உயரம் போன பிறகே பக்கக்கிளை விடும். தோட்டத்திலேயே இதிலிருந்து காய் பார்க்க மூன்றாம் ஆண்டு ஆகும். பக்கக்கிளைத் துண்டை நட்டாலோ அது ஏறவே ஏறாது. குட்டையாகப் புதர் கட்டி, பெரும்பாலும் நட்ட ஓராண்டுக்குள்ளேயே சரம் விடத் தொடங்கும். புதர் மிளகு என்று நாற்றுப் பண்ணைகளில் தொட்டியில் விற்பது இதைத்தான். தனி ரகம் என்று பலர் நினைக்கிறார்கள். ரகமெல்லாம் இல்லை, அதே கொடியின் பக்கக்கிளைதான்.

எனக்கு இரண்டும் வேண்டும் என்று தோன்றியது. ஜன்னல் பக்கத்துச் சுவரோரம் ஏறி நிற்க ஒன்று, ஜன்னல் திட்டில் உட்கார்ந்து காய்க்க ஒன்று. தெரிந்தவர் தோட்டத்து முதிர்ந்த கொடி ஒன்றிலிருந்து இரண்டு வகைத் துண்டுகளும் கிடைத்தன. விதை போட்டு வளர்க்கலாமே என்று கேட்பவர்களுக்கு: கடையில் வாங்கும் காய்ந்த மிளகு முளைக்காது. பறித்துக் காயவைத்தாலே விதையின் உயிர்ப்பு போய்விடும். பல இடங்களில் காயவைக்கும் முன் கொதிநீரில் வேறு முக்கி எடுக்கிறார்கள். கொடியிலேயே சிவந்து பழுத்த பழத்தை உடனே தோல் நீக்கி விதைத்தால் முளைக்கும். ஆனால் விதைக் கன்று தாயைப் போலவே இருக்கும் என்று சொல்ல முடியாது.

ரகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1971-ல் வெளிவந்த பன்னியூர்-1 உதிரன்கொட்டா, செறியகணியக்காடன் என்ற இரண்டு பழைய வகைகளின் கலப்பு. நீளச் சரம், பருத்த மணி என்று பெயர் வாங்கியது. ஆனால் அதற்கு வெளிச்சம் நன்றாக வேண்டும், அடர்ந்த நிழல் ஆகாது. கரிமுண்டா என்ற இன்னொரு வகை நிழலைத் தாங்கும். வீட்டுக்குள் என்று வரும்போது வெளிச்சம் எப்போதுமே பற்றாக்குறைதான், அதனால் தேர்வு செய்ய வழியிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு கரிமுண்டா என்பேன்.

வேர்விட வைத்தது இப்படி. ஓடுகொடியில் நுனிப்பக்க இளந்தண்டும் அடிப்பக்க முற்றிய தண்டும் வேண்டாம் என்று ஒதுக்கி, நடு மூன்றில் ஒரு பங்கை மட்டும் எடுத்து, இரண்டு மூன்று கணு உள்ள துண்டுகளாக வெட்டினேன். இலைத் தகட்டை வெட்டிவிட்டுக் காம்பை மட்டும் விட்டேன். காம்பு சில நாளில் தானே பழுத்து உதிரும். பக்கக்கிளையில் மூன்று முதல் ஐந்து கணு உள்ள துண்டு, நுனியில் ஓரிரண்டு இலை மட்டும். பக்கக்கிளை அவ்வளவு எளிதில் வேர்விடாது. நாற்றுப் பண்ணைக்காரர்கள் வேரைத் தூண்டும் இண்டோல் பியூட்ரிக் அமிலத்தை 1000 பி.பி.எம். (லிட்டருக்கு ஒரு கிராம்) அளவில் கரைத்து, அடி முனையை அதில் 45 விநாடி முக்கி எடுப்பார்கள். நானும் பக்கக்கிளைக்கு அப்படியே செய்தேன். ஓடுகொடிக்கு எதுவும் தேவைப்படவில்லை.

கலவை கழுவிய தென்னைநார்த் துகளும் பருமணலும் மட்டும். 'கழுவிய' என்பதை அழுத்திச் சொல்கிறேன். கட்டியாக விற்கும் தென்னைநார்த் துகளில் உப்பு தங்கியிருக்கும். ஊறவைத்துப் பிழிந்து, மறுபடி ஊறவைத்துப் பிழிந்து, வடியும் நீரின் செம்பழுப்பு வெளுத்த பிறகுதான் பயன்படுத்த வேண்டும். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குவளைகளில் நட்டு, எல்லாவற்றையும் ஒரு மூடி போட்ட பெரிய பெட்டிக்குள், நேர் வெயில் படாத வெளிச்சத்தில் வைத்தேன். பெட்டியின் உட்சுவரில் எப்போதும் நீர்த்துளி கோத்திருந்தால் ஈரப்பதம் சரி. ஓடுகொடித் துண்டுகள் முந்திக்கொண்டன. பக்கக்கிளைகளில் சில கருத்துப் போயின. மற்றவை ஒரு மாதம் தாண்டி வேர் காட்டின. துளிர் வந்ததைப் பார்த்ததும் வெளியே எடுத்துவிடக் கூடாது. வேர் இல்லாமலே, தண்டில் இருக்கும் சத்தை வைத்து ஓர் இலை வந்துவிடும். குவளையின் பக்கச்சுவரில் வெள்ளை வேர் தெரிய வேண்டும், அதன்பின் மூடியைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக அதிக நேரம் திறந்து வைத்து வெளிக்காற்றுக்குப் பழக்க வேண்டும்.

தண்ணீர்க் குவளையில் வைத்து வேர்விடச் செய்வதும் நடக்கும், பார்க்க அழகாகவும் இருக்கும். ஆனால் தண்ணீரில் வந்த வேர் மண்ணுக்கு மாறும்போது நொறுங்கிவிடுகிறது. மீண்டும் முதலிலிருந்து வேர்விட வேண்டியதாகிறது. நேராகத் தென்னைநாரில் வைப்பதே மேல்.

ஓடுகொடித் தொட்டி வேகமெடுத்ததும் ஒரு விளையாட்டு செய்து பார்த்தேன். நாற்றுப் பண்ணைகளில் பாம்புப் பதியன் முறை என்று ஒன்று உண்டு: கொடி ஓட ஓட வரிசையாகப் பைகளை வைத்து, ஒவ்வொரு கணுவையும் அடுத்தடுத்த பைக்குள் பதித்து, தென்னை ஈர்க்கை 'வி' வடிவில் மடக்கிக் குத்தி அழுத்தி வைப்பார்கள். அதையே ஜன்னல் திட்டில் சின்னக் குவளைகளை வரிசை கட்டிச் செய்தால் நன்றாகவே வருகிறது. தாயோடு தொடர்பு அறாததால் எந்தக் கணுவும் வாடுவதில்லை. வேர் பிடித்த பின் இடையில் நறுக்கினால் தனித்தனிக் கன்று. இதில் ஒரு கெடுதலும் உண்டு: கொடியைத் தரையோடு ஓட விட்டுக்கொண்டே இருந்தால் அது கன்று கொடுத்துக்கொண்டே இருக்குமே தவிர, ஏறாது, பெரிதாகாது. தேவைக்கு எடுத்துக்கொண்டு பிறகு கம்பத்தில் ஏற்றிவிட வேண்டும்.

அந்தக் கம்பம்தான் வீட்டுக்குள் வளர்ப்பதில் பாதி வேலை. வெறும் மூங்கில் குச்சியை நட்டுக் கயிற்றால் கட்டினால் கொடி நிற்கும், ஆனால் பிடிக்காது. பற்றுவேர் ஒட்ட வேண்டுமென்றால் சொரசொரப்பும் ஈரமும் சேர்ந்து இருக்க வேண்டும். கடையில் விற்கும் மெல்லிய தென்னைநார்க் கம்பம் வீட்டுக்காற்றில் ஒரு நாளில் காய்ந்துவிடுகிறது. அதனால் பிளாஸ்டிக் கம்பி வலையை உள்ளங்கை அகலக் குழாயாகச் சுருட்டி, கட்டுக்கம்பியால் தைத்து, உள்ளே ஊறவைத்த தேங்காய் மட்டைச் சீவலை அமுக்கி நிரப்பினேன். நடுவில் ஒரு பி.வி.சி. குழாய், அதில் ஒரு சாண் இடைவெளியில் துளைகள், அடிவாய் அடைப்பு. குழாயின் மேல்வாயில் தண்ணீர் ஊற்றினால் உள்ளிருந்து கசிந்து வலை முழுக்க நனையும். கீழே தொட்டியின் அடிவரை இறக்கி, கூழாங்கல் வைத்து நிறுத்தினால்தான் சாயாது. நனைந்த கம்பம் நல்ல கனம்.

கட்டும்போது கவனிக்க வேண்டியது ஒன்று. கணுவின் மேல் கட்டக் கூடாது, இரண்டு கணுக்களுக்கு நடுவே கட்ட வேண்டும், கணு வலையில் படிந்து உட்கார வேண்டும். பழைய பருத்தித் துணியைக் கிழித்த நாடா போதும். கொஞ்ச நாளில் கணுவைச் சுற்றி வெளிறிய முனைகள் தலைகாட்டும். ஈரம் படும் பக்கத்தில் இருப்பவை வலைக்கண்ணுக்குள் நுழையும், காற்றில் இருப்பவை அப்படியே பழுப்பேறி நின்றுவிடும். வேர் நுழைந்த கணுவுக்கு மேலே வந்த இலைகளைப் பழைய இலைகளோடு வைத்துப் பார்த்தேன். ஒவ்வொன்றும் முந்தியதைவிட அகலம், கருமை, நரம்பு நன்றாகப் பள்ளம் விழுந்தது. உரத்தை மாற்றவில்லை, இடத்தை மாற்றவில்லை. கம்பத்தைப் பிடித்துக்கொண்டதும் செடியின் போக்கே மாறியது.

வெளிச்சம்: மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் மரநிழலில் ஏறும் கொடி இது, அதனால் இருட்டிலும் வளரும் என்று ஒரு தப்பெண்ணம் இருக்கிறது. காட்டு நிழலில்கூட வீட்டு நடுக்கூடத்தைவிடப் பல மடங்கு வெளிச்சம். செல்போனில் வெளிச்சம் அளக்கும் செயலி இருந்தால் பாருங்கள்: ஜன்னலோரம் சில ஆயிரம் லக்ஸ் காட்டும், அங்கிருந்து இரண்டு மீட்டர் உள்ளே வந்தால் சில நூறுக்கு இறங்கிவிடும். நம் கண்ணுக்கு இரண்டும் 'நல்ல வெளிச்சம்' மாதிரிதான் தெரியும். காலை வெயில் மட்டும் விழும் கிழக்கு ஜன்னல் இதற்குப் பொருத்தம். உச்சி வெயில் கண்ணாடி வழியே விழுந்தால் இலை வெளுத்துத் திட்டுத் திட்டாகக் காயும். புதர்த் தொட்டிக்கு மேலே எல்.இ.டி. விளக்கு ஒன்றையும் தானியங்கி சுவிட்சில் பன்னிரண்டு மணி நேரம் எரிய விட்டிருக்கிறேன். கணு இடைவெளி நீண்டு இலை சிறுத்தால் வெளிச்சம் போதவில்லை என்று அர்த்தம். வேறு கருவியே வேண்டாம்.

வெப்பம் 23 முதல் 32 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால் செழிக்கும். ஏசி காற்று நேராக வீசும் இடமும், குளிர்கால இரவில் சில்லிட்டுப் போகும் கண்ணாடிக்கு ஒட்டிய இடமும் ஆகாது. ஈரப்பதத்துக்காக இலைமேல் நாளுக்குப் பத்துமுறை தண்ணீர் தெளிப்பதில் எனக்கு நம்பிக்கையில்லை. தெளித்த ஈரம் சில நிமிடத்தில் போய்விடுகிறது. இலை நனைந்தே கிடந்தால் பூஞ்சணம்தான் மிச்சம். நனைந்த கம்பம் நாள் முழுக்கச் செடியைச் சுற்றி ஈரத்தை விட்டுக்கொண்டே இருக்கும். தொட்டிகளைக் கூட்டமாக வைத்தாலும் நல்ல பலன்.

இனி, பலரைப் பயமுறுத்தும் ஒரு விஷயம். கொடி தழைத்து வந்த நேரத்தில் இலையின் அடிப்புறத்திலும் இளந்தண்டிலும் கடுகைவிடச் சிறிய, கண்ணாடி மணி போன்ற உருண்டைகள் தெரியும். பார்த்த எவருக்கும் பூச்சி முட்டை என்றுதான் தோன்றும். வேப்பெண்ணெயைக் கலக்கத் தொடங்குவதற்கு முன் ஒரு பூதக்கண்ணாடியை எடுங்கள். முட்டையென்றால் குவியலாகவோ ஒழுங்கு வரிசையாகவோ ஒட்டியிருக்கும். இவை அங்கொன்றும் இங்கொன்றுமாக, நரம்போரம் சிதறிக் கிடக்கும். கால் இல்லை, அசைவு இல்லை, விரலால் தடவினால் உதிர்ந்துவிடும், நசுக்கினால் நிறமற்ற ஈரம். நாள்பட்டவை கறுத்துக் காய்ந்து ஒட்டிக்கொள்ளும். இது செடியே சுரப்பது. முத்துச் சுரப்பு என்று சொல்லலாம். மிளகு இனத்துச் செடிகள் பலவற்றுக்கும் இந்த வழக்கம் உண்டு. நன்றாக வளரும் காலத்தில்தான் அதிகம் வருகிறது. மருந்தடிக்க வேண்டியதில்லை, துடைக்க வேண்டியதும் இல்லை.

மாவுப்பூச்சி வேறு. அது இலைக் கக்கத்தில், கணு மடிப்பில் வெள்ளைப் பஞ்சாகப் படியும், பிசுபிசுக்கும். செதில் பூச்சி தண்டில் பழுப்பு மச்சமாக ஒட்டிக்கொண்டு நகம் போட்டால்தான் பெயரும். தொட்டியில் எறும்பு ஊர்ந்தால் அந்த இரண்டையும் தேடுங்கள். சோப்புக் கரைசலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் ஒவ்வொன்றாகத் துடைத்தெடுப்பது அலுப்பான வேலைதான். ஆனால் வீட்டுக்குள் அதைவிடச் சரியான வழி எனக்குத் தெரியவில்லை.

உண்மையான எதிரி வேர்ப்பக்கம் இருக்கிறது. தோட்டங்களில் மிளகைக் கொல்லும் வாடல் நோய் பைட்டோப்தோரா என்ற நீர் விரும்பும் கிருமியால் வருவது. தண்டின் அடி கறுத்து, இலைகள் பொலபொலவென்று கொட்டி, சில வாரத்தில் கொடி சாய்ந்துவிடும். தொட்டியில் நீர் தேங்கினால் இந்த வகை அழுகலுக்கு நாமே வாசலைத் திறந்துவிட்ட கணக்கு. எனவே தொட்டிக் கலவையில் பாதிக்கு மேல் காற்றோட்டம் தருபவையாகவே வைத்தேன்: தேங்காய் மட்டைச் சீவல், பருமணல், பெர்லைட் என்ற இலேசான வெள்ளைக் கல்துகள், மீதிக்கு மண்புழு உரமும் கொஞ்சம் தென்னைநார்த் துகளும். வேரழுகல் கிருமிகளை அடக்கும் நல்ல பூஞ்சணமான டிரைக்கோடெர்மாவையும் மண்புழு உரத்தில் கலந்து வைத்தேன். கம்பம் எப்போதும் ஈரம், தொட்டியின் மேல்மண் விரல் கணு ஆழத்துக்குக் காய்ந்த பிறகே தண்ணீர், அடித்தட்டில் தேங்கியதை உடனே கொட்டிவிட வேண்டும். சின்னச் செடிக்குப் பெரிய தொட்டி வேண்டாம். வேர் எட்டாத மண் நனைந்தபடியே கிடந்து புளித்துப்போகும்.

மிளகுக்குப் பிடித்தது சற்றே அமிலத்தன்மையுள்ள மண், பி.எச். 5.5-லிருந்து 6.5 வரை. காரத்தன்மையுள்ள கடின நீரை ஊற்றிக்கொண்டே வந்தால் புது இலையில் நரம்பு மட்டும் பச்சையாக நின்று நடுப்பகுதி மஞ்சளிக்கும். இரும்புச் சத்து மண்ணில் இருந்தும் வேரால் எடுக்க முடியாத நிலை அது. மழைநீர் பிடித்து வைத்து ஊற்றினாலே தெளிந்துவிடும். உரம் பற்றிச் சொல்ல அதிகமில்லை. வளரும் காலத்தில் பாதி வீரியத்தில் திரவ உரம், குளிரில் எதுவும் இல்லை.

புதர்த் தொட்டிக்கு வருவோம். பக்கக்கிளை வேர்பிடித்ததும் வேகமாகவெல்லாம் வளரவில்லை. கிளைக்குக் கிளை பிரிந்து, திட்டு அகலத்துக்குப் படர்ந்தது. வேனிலில் தண்ணீரைக் கொஞ்சம் குறைத்து, இலை துவளாத அளவுக்கு மட்டும் கொடுத்தேன். பிறகு பழையபடி தாராளமாக ஊற்றினேன். வெளியில் கோடைக் காய்ச்சலுக்குப் பின் முதல் மழையில் தளிர் வெடித்துச் சரம் கிளம்பும் முறையை உள்ளே நடத்திப் பார்க்கும் முயற்சி அது. தளிர் திரண்டது. மிளகுத் தளிரின் நுனியில் ஓர் உறை இருக்கும். இலை விரிந்ததும் அது கறுத்து உதிரும். உறை உதிர்ந்த இடத்தில், இலைக்கு நேர் எதிரே, தீக்குச்சியைவிட மெல்லிய பச்சைத் திரி ஒன்று தலைகவிழ்ந்து நின்றது. அதுதான் சரம். இலைக் கக்கத்தில் வந்தால் மொட்டு, இலைக்கு எதிரே வந்தால் சரம் என்று நினைவில் வையுங்கள்.

மிளகுப் பூவுக்கு இதழ் கிடையாது. பயிரிடும் வகைகளில் பெரும்பாலும் ஒரே பூவில் ஆண் பாகமும் பெண் பாகமும் இருக்கும். காட்டு மிளகில் ஆண் கொடி வேறு, பெண் கொடி வேறு. பெண் பாகமான சூல்முடி முதலில் விழிக்கும்: சரத்தின் மேல் வெண்மையாகச் சின்னப் பூப்பூவாக விரியும். மகரந்தப்பை சில நாள் கழித்துத்தான் இருபுறமும் எட்டிப் பார்க்கும். சரம் காம்புப் பக்கத்திலிருந்து நுனி நோக்கிப் படிப்படியாகப் பூப்பதால் மேலே உதிரும் மகரந்தம் கீழே விழித்திருக்கும் பூக்களுக்குப் போய்ச் சேரும். மழைத்துளியும் அதைக் கரைத்து இறக்கும் என்பார்கள். வீட்டுக்குள் மழை ஏது? மெல்லிய ஓவியத் தூரிகையால் மேலிருந்து கீழாக மெதுவாகத் தடவி, பிறகு நுண்ணிய தெளிப்பானால் சரத்தை மட்டும் ஒருமுறை நனைத்தேன். பூக்கும் நாட்களில் காலைதோறும் இதைச் செய்தேன். வித்தியாசம் பார்க்க ஒரு சரத்தை மட்டும் தொடாமல் விட்டேன். அதில் மணிகள் பல் விழுந்த மாதிரி இடைவெளி விட்டுத் திரண்டன. தூரிகை பட்டவை நெருக்கமாகத் திரண்டன. ஒரே ஒரு சரத்தை வைத்து முடிவு கட்ட முடியாதுதான். ஆனாலும் தூரிகையை நான் விடப் போவதில்லை.

மணி திரண்டதிலிருந்து முற்றும் வரை ஆறு முதல் எட்டு மாதம் பொறுமை வேண்டும். இந்த நேரத்தில் தொட்டியை இடம் மாற்றாதீர்கள். காற்றும் வெளிச்சமும் சட்டென்று மாறினால் சரம் முழுசாகக் கழன்று விழும். சரத்தில் ஓரிரு மணி மஞ்சளாகிச் சிவக்கும்போது முழுச் சரத்தையும் கிள்ளிவிட வேண்டும். உதிர்த்த மணிகளைத் துணியில் முடிந்து கொதிநீரில் ஒரு நிமிடம் முக்கி எடுத்து வெயிலில் காயவைத்தால் ஒரே சீராகக் கறுக்கும். நன்றாகப் பழுக்க விட்டுத் தோலை ஊறவைத்து உரித்தால் அதுவே வெண்மிளகு. ஒரு தொட்டியில் கிடைப்பது உள்ளங்கைக்குள் அடங்கிவிடும்.

கம்பத்துக் கொடி இப்போது உச்சியைத் தாண்டி அந்தரத்தில் ஆடுகிறது. மேல்பாதியில் பக்கக்கிளைகள் எட்டிப் பார்க்கத் தொடங்கிவிட்டன; கீழ்ப்பாதி மட்டும் மொட்டையாக, ஒற்றைத் தண்டாக நிற்கிறது. நுனியை நறுக்கினால் கீழ்க்கணுக்கள் விழித்துக்கொள்ளும். மிளகுத் தோட்டக்காரர்கள் சில இடங்களில் இளங்கொடியைக் கம்பத்திலிருந்து பிரித்து, அடியில் வட்டமாகச் சுருட்டி மண்ணில் புதைத்து மறுபடி ஏறவிடுகிறார்கள். அடியிலிருந்தே பல தண்டு கிளம்பிக் கம்பம் நிறையும் என்பதற்காக. என் கொடியின் வேர்கள் வலைக்குள் இறுகப் பின்னிக்கொண்டதால் பிரித்தால் பாதி வேர் அறுந்துவிடும். அதனால் நுனியை மட்டும் நறுக்கி, அந்த ஏறுகொடித் துண்டை அதே தொட்டியில் கம்பத்தின் மறுபக்கம் ஊன்றி, முதல் கணுவை ஈர வலையோடு சேர்த்துக் கட்டியிருக்கிறேன்.